காற்றுக்காலத்துச் சேறு

என் அக்காவுக்குப் பயப்படுவதுதான் முழுநேர வேலை. சம்பளம் மட்டும் மண் பரிசோதனைக்கூடத்தில் வாங்குகிறாள்.

சும்மா சொல்லவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை வருவாள், பூட்டினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பேருந்தில் கதவுப் பக்கத்து இருக்கைதான் வேண்டும், ஏதாவது ஆனால் குதிக்க வசதியாம். குதிக்கவும் பயம், அது வேறு விஷயம். யாராவது இருமினால் டாக்டரைப் பார்த்தாயா என்பாள். இருமாமல் இருந்தால் ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்பாள். என் வீட்டுக்காரர் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அபாயச் சங்கு. துறைமுகத்தில் ஆபத்து என்றால் ஊதுவார்களே, அது. அவள் எங்கள் வீட்டுப் படியேறும்போதே, "சங்கு வந்தாச்சு, எல்லாரும் ஓடுங்க" என்பார். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பாள்.

இப்படிப்பட்டவள் கடல் சேற்றில் இறங்கும் வேலைக்கு எப்படி வந்தாள் என்று கேட்காதவர் இல்லை. பரிசோதனைக்கூடத்தில் புட்டி கழுவத்தான் சேர்ந்தாள். சேறு எடுக்கப் போகிறவர் ஒருநாள் வரவில்லை. நீங்கள் வருகிறீர்களா என்று ஆபீசர் கேட்டிருக்கிறார். முடியாது என்று சொல்லப் பயந்துபோய்ச் சரி என்றாளாம். அன்றைக்கு இறங்கியவள்தான், தலைமுடி நரைத்தும் இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

அவளுடைய கருவி ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய். கை நீளம் இருக்கும். அதைச் சேற்றில் நேராகக் குத்தி அழுத்தி, மேல்வாயை ரப்பர் மூடியால் அடைத்து உருவினால், சேறு அடுக்கு கலையாமல் அப்படியே வந்து நிற்கும். மேலே பழுப்பு, அதன் கீழே சாம்பல், அதற்கும் கீழே கறுப்பு. கறுப்பு என்றால் அங்கே காற்றே போகவில்லை என்று அர்த்தம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்தக் குழாய்களை ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக நிறுத்திவைத்துப் பார்ப்பாள். ஒருமுறை சாவி வாங்கப் போனபோது நானும் பார்த்தேன். உலர்த்தும் அடுப்பில் காயும் சேற்றின் வாடை, ஒரு மூலையில் சல்லடை ஆட்டும் இயந்திரம், அலமாரி முழுக்க மழைக்காலம், காற்றுக்காலம் என்று சீட்டு ஒட்டிய புட்டிகள். "இதையெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தா உனக்குப் பைத்தியம் பிடிக்காதாக்கா?" என்று கேட்டேன். "பாக்காம இருந்தாத்தான் பிடிக்கும்" என்றாள்.

அவள் சேற்றை எடுக்கும் அதே இடத்தில்தான் நாங்கள் மட்டிச் சிப்பி எடுக்கிறோம். நானும் என் வீட்டுக்காரரும், எங்கள் தெருவில் பாதிப்பேரும். ஆறு கடலில் சேரும் இடத்தில், கடல் உள்வாங்கி வற்றம் வரும்போது பெரிய சேற்றுவெளி வெளியே தெரியும். அதற்கு இரண்டு குணம் உண்டு. மழைக்காலத்தில் ஆறு ஊர் ஊராகக் கழுவிக்கொண்டு வந்து, வயல் மண், சாக்கடை, சாயப்பட்டறைத் தண்ணீர் எல்லாவற்றையும் அங்கே கொட்டும். வெளி முழுக்கக் குழைந்த மாவு மாதிரி ஆகிவிடும். அப்போது பலகை இல்லாமல் யாரும் இறங்க மாட்டோம். பலகை மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றக் காலால் தள்ளிக்கொண்டு போவோம். பிறகு காற்றுக்காலம் வரும். அலை அடித்து அடித்து நைந்த சேற்றையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும். மணல் மட்டும் கெட்டியாகத் தங்கும், பந்தே விளையாடலாம். அப்போது பலகைகளைத் துடைத்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு நடந்தே போவோம். மழைக்குப் பலகை, காற்றுக்குக் கால். எங்கள் யாருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. மழை பெய்தால் குடை எடுப்பது போலத்தான் அதுவும்.

அந்த வருடம் துறைமுகத்தை ஆழப்படுத்தினார்கள். பெரிய கப்பல்கள் வரவேண்டுமாம். தூர்வாரும் கப்பல் ஒன்று மாதக்கணக்கில் உறுமிக்கொண்டே இருந்தது. அடியில் காலம் காலமாகக் கிடந்த கறுப்புச் சேற்றை உறிஞ்சி எடுத்து, தூரக் கடலில் கொட்டுகிறோம் என்றார்கள். அவர்களுடைய தூரம் எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை. அக்கா மட்டும் வீட்டுக்கு வரும்போதெல்லாம் புலம்பினாள். அவள் எதற்குத்தான் புலம்பவில்லை என்று நாங்கள் காதில் வாங்கவில்லை.

காற்றுக்காலம் பிறந்து கொஞ்ச நாளில் எங்களுக்கு யோகம் அடித்தது. தோண்டவே வேண்டாம், மட்டி மேலேயே கிடந்தது. குனிந்து பொறுக்கினால் போதும். என் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாகக் கூடையோடு வந்தார். "கடலே கொண்டாந்து கையில குடுக்குதுடி. மண்வாரியே தேவையில்ல."

அன்று மாலை அக்கா வந்தாள். வழக்கம்போல அடுப்பைப் பார்க்க உள்ளே போனவள், தரையில் இருந்த கூடையைப் பார்த்து நின்றுவிட்டாள். சில மட்டிகள் வாயைத் திறந்து, நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தன. தொட்டாலும் மூடவில்லை.

"இது எங்க எடுத்தது?"

"வழக்கமான இடம்தான்க்கா. கொஞ்சம் உள்ள தள்ளி. மேலயே கிடக்கு, அள்ள அள்ளக் குறைய மாட்டேங்குது."

"மேல ஏன் வந்துச்சு?"

"அதுகிட்டதான் கேக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, மூச்சு முட்டினா நாமளும்தான் ஜன்னல் பக்கம் ஓடுவோம். அதுங்க ஆசைக்கு மேல வரல. கீழ இருக்க முடியாம வந்திருக்கு. இதச் சாப்பிடாதீங்க, யாருக்கும் குடுக்காதீங்க. நான் போய்க் குழாய் இறக்கிப் பாக்குறவரைக்கும் அங்க போகவும் வேணாம்."

"பாத்தியா, சங்கு ஊதியாச்சு" என்றார் அவர்.

எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. வருடம் முழுக்க முதுகு ஒடியத் தோண்டுகிறவர்களுக்கு ஒரு வாரம் சும்மா கிடைத்தால் இவளுக்குப் பொறுக்கவில்லையே என்று நினைத்தேன். கூடையை மட்டும் அவள் கண் முன்னாலேயே கொண்டுபோய்க் கொட்டினேன், அவள் நச்சரிப்புத் தாங்காமல். மறுநாள் காலை வற்றத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினோம். எங்களோடு கூடைக்காரரும் வந்தார். எங்கள் தெருவுக்கே கூடை பின்னிக் கொடுக்கிறவர், மட்டிக்கும் வருவார்.

வெளி பார்க்க அழகாக இருந்தது. அலை கோடு போட்ட மணல், வெயிலில் மினுமினுத்தது. காலுக்குக் கெட்டியாகத்தான் பட்டது. என் வீட்டுக்காரர் முன்னால் போனார். தண்ணீர் விலகிப்போன விளிம்புக்குப் பக்கத்தில் மட்டி குவியல் குவியலாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். திடீரென்று ஒரு கால் கணுக்கால்வரை போயிற்று. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் காலை உருவ மற்றக் காலை ஊன்றினார். அது முழங்கால்வரை போயிற்று. அப்போதும் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"வராத! அங்கேயே நில்லு!" என்று கத்தினார்.

மேலே இருந்த மணல் வெறும் தோல்தான். அதன் கீழே கறுப்பாக, குழம்பாக, தொட்டால் ஆடுகிற ஏதோ ஒன்று இருந்தது. அவர் காலைச் சுற்றித் தோல் கிழிந்து அது மேலே பிதுங்கியது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அவர் அசைய அசைய இறங்கினார். தொடைவரை போய் நின்றது. கூடைக்காரரும் நானும் படுத்தபடி நகர்ந்து போய்க் கையைப் பிடித்து இழுத்தோம். அவர் அலறினார். சேறு விடவில்லை, கால்தான் இழுபட்டது. இழுத்த வேகத்தில் கூடைக்காரரின் முழங்கையும் உள்ளே போக, அவர் பதறிப் பின்வாங்கினார்.

கடலைப் பார்த்தேன். வற்றம் முடிந்திருந்தது. விளிம்பில் நுரை இந்தப் பக்கமாக ஊர ஆரம்பித்திருந்தது.

அக்கா அந்த நேரத்தில் ஆபீசரோடு கரையோரம் இருந்தாள். முதல் இடத்தில் குழாயை வைத்திருக்கிறாள், அழுத்தவே இல்லை, அது தன் எடையிலேயே உள்ளே போயிருக்கிறது. தலையைத் தூக்கிப் பார்த்தால் நாங்கள் தூரத்தில் புள்ளி புள்ளியாக. ஆபீசரும் அவளும் கரையில் இருந்த படகுக் கொட்டகைக்கு ஓடி ஒரு பலகையை எடுத்து வந்தார்கள். ஆபீசரைக் கரையில் நின்று மீட்புப் படைக்குப் போன் போடச் சொல்லிவிட்டு, அவள் பலகையில் ஏறித் தள்ளிக்கொண்டு வந்தாள். அழுதுகொண்டே வந்தாள். சத்தம் போட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். குழாயையும் ஒரு வாளியையும் இடுப்போடு கட்டியிருந்தாள்.

"இழுக்காதீங்க! யாரும் இழுக்காதீங்க!" என்றாள். "தம்பி, பின்பக்கமாச் சாயுங்க. படுக்குற மாதிரி சாயுங்க. பலகையக் குடுக்குறேன், முதுகுக்குக் கீழ வையுங்க."

அவர் சாய்ந்தார். இறங்குவது நின்றது. அவ்வளவுதான், கால் இரண்டும் உள்ளேயே இருந்தன.

"இப்ப என்னக்கா செய்றது?"

"தண்ணி வரணும்."

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். "காலச் சுத்திச் சேறு உறிஞ்சிப் பிடிச்சிருக்கு. குழாய கால் ஓரமா இறக்கி, அதுக்குள்ள தண்ணி ஊத்தினா பிடி விடும். இங்க தண்ணி இல்ல, விளிம்புக்கு மொள்ளப் போனா நாமளும் மாட்டுவோம். வரட்டும்."

"வந்தா அவர் மூழ்கிடுவாருக்கா!"

"தெரியும்" என்றாள். "எனக்கும் தெரியும்."

கூடைக்காரர் படகைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்துவிடலாம் என்றார். அக்கா அலறினாள். இடுப்பு எலும்பு கழன்றுவிடும், கால் உள்ளேயே இருக்கும், ஆள் மட்டும்தான் வருவார் என்றாள். நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். வாழ்நாளெல்லாம் பூட்டை இழுத்துப் பார்த்தவள், இன்று என் புருஷனைக் கடல் வரும்வரை சும்மா கிடக்கச் சொல்கிறாள். "உனக்கு நிச்சயமாத் தெரியுமா? இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"என் காலு முழங்கால்வரைக்கும் மாட்டினப்போ செஞ்சிருக்கேன். தொடைவரைக்கும் யாரும் மாட்டினதில்ல" என்றாள். பொய் சொல்லவாவது அவளுக்குத் தெரிந்திருக்கலாம்.

காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வெயில் அடித்தது. மேலே பறவைகள் பாட்டுக்குப் பறந்தன. தண்ணீர் ஒரு விரல் அளவு வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. தண்ணீர் வரக்கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். வந்து தொலையேன் என்றும் வேண்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, சாதாரணக் குரலில், "வீட்டுச் சாவி என் சட்டைப் பையில இருக்கு, இப்பவே எடுத்துக்கோ" என்றார். நான் எடுக்கவில்லை. எடுத்தால் அவர் போய்விடுவார் என்று தோன்றியது.

முதல் தண்ணீர் மெல்லிய தகடாக வந்து, மண்டியிட்டிருந்த எங்கள் முழங்காலை நனைத்தது. அக்கா குழாயை அவருடைய இடது காலோடு ஒட்டி இறக்கினாள். அவள் கை நடுங்கிய நடுக்கத்தில் குழாய் தானாகவே உள்ளே திருகிக்கொண்டு போயிற்று. நான் வாளியில் மொண்டு ஊற்றினேன். கறுப்புக் குமிழிகள் வெடித்தன, நாற்றத்தில் கண் எரிந்தது. ஊற்றினேன், ஊற்றினேன். "விரல ஆட்டுங்க தம்பி, விரல மட்டும்" என்றாள். அசைகிறது என்றார் அவர். அந்தக் கால் அங்குலம் அங்குலமாக வந்தது. அதற்குள் தண்ணீர் அவர் காதைத் தொட்டுவிட்டது.

இரண்டாவது காலுக்குக் குழாயை மாற்றினோம். இப்போது தண்ணீருக்குக் குறைவில்லை, சுற்றி நின்றது, ஆனால் குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கவேண்டும். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். கூடைக்காரர் அவர் தலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு அலை அவர் முகத்துக்கு மேலே போயிற்று. தலை மேலே வந்ததும் இருமினார். இன்னொரு அலை போயிற்று. நான் வாளியை நிறுத்தவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் கை நின்றுவிடும் என்று வாளியையே பார்த்தேன். "சக்" என்று ஒரு சத்தம் கேட்டது. பலகை சரிந்தது. அவர் கால் என் வயிற்றில் மோதியது. அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் உதை வாங்கியதில்லை.

பலகையில் கிடத்தித் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தோம். பாதி வழியில் மீட்புப் படைப் படகு எங்களை எதிர்கொண்டது. கரை ஏறியதும் அக்கா மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அவர் கால்களில் சேறு பட்ட இடமெல்லாம் சிவந்து கொப்புளித்திருந்தது. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் ஒரு மாதம் போகவில்லை. அக்காவின் குழாயில் தங்கிய சேற்றை ஆபீசர் பரிசோதித்தார். கப்பல் எண்ணெய், கப்பலுக்கு அடிக்கிற சாயத்தில் இருக்கும் உலோகம் என்று என்னென்னவோ சொன்னார். துறைமுகத்து அடிச்சேறுதான். தூரக் கடலில் கொட்டியது அலையோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஆபீசர் மேலிடத்துக்கு எழுதியதும், துறைமுகத்துக்காரர்கள் தூர்வாருவதை நிறுத்தினார்கள். எச்சரிக்கைப் பலகை நட்டார்கள். அந்தப் பருவம் முழுக்க யாரும் இறங்கவில்லை.

மழைக்காலம் வந்தது. ஆறு புதுச் சேறு கொண்டுவந்து எல்லாவற்றின் மேலும் போர்த்தியது. மறுபடி காற்றுக்காலம் வந்து, அலை அடித்து, மணல் மினுமினுத்தது. பரிசோதனைக்கூடத்தில் மேல்மண் தேறிவிட்டது என்று அறிக்கை வந்தது. ஆழமாகப் பார்க்க இன்னும் கொஞ்ச காலம் ஆகுமாம். தெருவில் யாருக்கும் அவ்வளவு காலம் இல்லை. ஆனால் அறிக்கையை யாரும் நம்பவும் இல்லை. எல்லோரும் அக்கா வீட்டுக்குப் போய் அவளிடம்தான் கேட்டார்கள். வாசலில் கூட்டமாக நின்று, "நீங்க சொல்லுங்க, போலாமா?" என்றார்கள். அவள் ஒரு வாரம் போய்ப் போய்க் குழாய் இறக்கினாள். சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில், கரையோரம் மட்டும் போகலாம், பலகையோடு போங்கள், என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் அதுவரை ஈர மணலில்கூடக் கால் வைக்கவில்லை. குளியலறைத் தரை வழுக்கினாலே சுவரைப் பிடித்துக்கொள்வார். அன்று வந்தார். எல்லோரும் இறங்கிய பிறகும் வறண்ட மணலில் கூடையோடு நின்றார்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "நான் முன்னாடி போறேன் தம்பி. என் தடத்துல மட்டும் கால வையுங்க. வேற எங்கயும் வைக்காதீங்க."

அவள் நடந்தாள். அவள் தடத்தில் அவர் கால் வைத்தார். ஒன்று, இன்னொன்று. அவர் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு போனார். நான் பின்னால் நின்று தடங்களைப் பார்த்தேன். முதல் சில தடங்களில் தண்ணீர் தெளிவாக ஊறியது. கொஞ்ச தூரம் தள்ளி ஊறியது கலங்கலாக இருந்தது. அதற்கடுத்த தடத்தில் கறுப்பாக ஊறியது. மேலே எண்ணெய் மாதிரி ஒரு வண்ணம் மிதந்தது. பழைய நாற்றம், லேசாக, ஆனால் அதேதான்.

கத்த வாயைத் திறந்தேன்; அதற்குள் அக்கா திரும்பினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் தரையைப் பார்த்தாள்.

"தம்பி, அப்படியே நில்லுங்க. கீழ பாக்காதீங்க. வந்த தடத்துலயே பின்னாடி வையுங்க."

அவர் கீழே பார்த்துவிட்டார். அவர் முதுகு விறைத்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்தார். கடைசி அடியில் நான் எட்டிச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். மற்றவர்களும் அக்கா கத்தியதில் அரக்கப் பரக்கக் கரையேறினார்கள். மேலே நல்லா இருக்கு என்றுதானே சொன்னார்கள் என்று கூடைக்காரர் கேட்டார். "மேல நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா.

எல்லோரும் போன பிறகும் நாங்கள் மூவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் காலியான கூடையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கடலைப் பார்த்தார். வேறு தொழில் அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறகு, ஆற்றுவாய்க்கு அந்தப் பக்கம், யாரும் போகாத சேற்றுவெளியைக் காட்டினார்.

"நாளைக்கு அந்தப் பக்கம் போய்ப் பாக்கலாம்" என்றார்.

அக்கா வேணாம் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். வாழ்நாளெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத்தானே எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லவில்லை. எழுந்து போய், அலை ஓரத்தில் குனிந்து, நாளைக்கென்று குழாயைக் கழுவ ஆரம்பித்தாள். அன்று எனக்கு வந்த பயம், அவர் முகத்தின் மேல் அலை போனபோதுகூட வரவில்லை.